ஆறாம் அத்தியாயம்: வெட்டுவதற்கு முன்

பழைய பிக்கப் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து நின்ற அன்றே அதைச் சுற்றி இரண்டு கட்சி கூடிவிடும். "மெட்டடார் இன்ஜின் போடு, பவர் ஸ்டியரிங் வை, அகல டயர் மாட்டு, அப்பதான் வண்டி" என்பது ஒரு கட்சி. "ஒரு நட்டைக்கூடத் தொடாதே, அப்படியே வை" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே வண்டியின் மீதுள்ள ஆசையில்தான் பேசுகிறார்கள். ஆனால் வண்டியை வைத்திருக்கப் போவதும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கப் போவதும், ராத்திரி சென்னை-திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையில் பிரேக் மிதிக்கப் போவதும் நீங்கள். முடிவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க உதவுவதே இந்த அத்தியாயம்.

இதில் வரும் எல்லா யோசனைகளுக்கும் அடியில் ஒரே விதி இருக்கிறது. பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவர முடிகிற மாற்றத்தைத் தயங்காமல் செய்யுங்கள். திருப்ப முடியாத மாற்றத்தைச் செய்யாதீர்கள். போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றலாம். கேஸ் கட்டரால் வெட்டியதை ஒட்டலாமே தவிர, வெட்டாததாக ஆக்க முடியாது.

வண்டி எது என்று உறுதி செய்யுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் விலைக்கு வருகிற பழைய பிக்கப்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும். வில்லிஸ் ஜீப்பின் வழியில் மகிந்திரா செய்த வண்டிகள் ஒரு வகை. முன்னால் போனட் நீளாமல் முகம் தட்டையாக இருக்கும் எஃப்.சி. வரிசையும் இதில் சேரும். பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் அட்லஸ் வேனிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் 20 இன்னொன்று. அது நம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் பிறந்தது. 1980-களின் கடைசியில் அந்த ஆலை நின்றுபோனது. பஜாஜ் டெம்போவின் மெட்டடார் பிக்கப் உண்டு. 1988-ல் வந்த டாடா மொபைல் 206 உண்டு. 1980-களில் ஜப்பானியக் கூட்டில் வந்த டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி போன்ற சின்ன லாரிகளும் உண்டு. இவை தவிர, ராணுவ ஏலத்தில் வந்தவை தனி. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிஸான் உரிமத்தில் செய்த ஜோங்காவும் ஒரு டன் வண்டியும் அப்படி வந்தவைதான்.

எந்த வகை என்பதை விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயர்ப்பலகையையும் முன் கிரில்லையும் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். அது பெரும்பாலும் சட்டத்தின் பக்கவாட்டில், எண்ணெயும் மண்ணும் கலந்து இறுகிப்போன ஒரு படலத்துக்கு அடியில் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை வைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். பொறித்த எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் அதுவே பிறகு சந்தேகத்துக்கு இடமாகும். எழுத்து தெரிந்ததும் வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். எண் தாளில் ஏறிவிடும். அதை ஆர்.சி. புத்தகத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இலக்கங்களின் வரிசை கோணலாக இருந்தாலோ, ஒரு இலக்கம் மட்டும் வேறு அச்சில் இருந்தாலோ, எண்ணைச் சுற்றிப் பற்றவைப்பின் தடம் இருந்தாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

இன்ஜின் எண்ணுக்கும் இதே சோதனை. ராணுவ வண்டி என்றால் ஏலத்தில் விடுவித்த ஆவணம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.

'ஒரிஜினல்' என்பது எது?

காரைப் புதுப்பிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எளிது. ஆலையிலிருந்து வெளியே வந்த நிலைதான் ஒரிஜினல். பிக்கப்புக்கு, அதிலும் நம் ஊர் பிக்கப்புக்கு, அந்த விடை போதாது.

நம் நாட்டில் சரக்கு வண்டிகளில் பெரும்பகுதி சேஸிஸாகவும், முன்பக்கக் கவுலோடும்தான் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் அதை பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிப் போவார். கேபினும், மரப்பலகை அடித்த லோடு பாடியும், கொக்கிகளும், பின்கதவின் சங்கிலியும் அங்கேதான் உருவாகும். செங்குன்றத்து அரிசி மண்டிக்கு ஓடிய வண்டிக்கு ஒரு மாதிரி, கொத்தவால் சாவடிக்குக் காய்கறி ஏற்றிய வண்டிக்கு ஒரு மாதிரி, சூளையிலிருந்து செங்கல் சுமந்த வண்டிக்கு ஒரு மாதிரி என்று பாடி கட்டினார்கள். அந்த பாடியும் அந்த வண்டியின் பிறப்பில் சேர்ந்ததுதான். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து அதைப் பிரித்தெறிந்துவிட்டு, அமெரிக்க செவ்ரோலெட் பிக்கப்பின் தொட்டியைப் போல ஒன்றைச் செய்து வைப்பது காப்பதும் ஆகாது, மீட்பதும் ஆகாது. இல்லாத ஒரு வரலாற்றை நாம் எழுதி ஒட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஆகவே பாடியைத் தொடுமுன் அதைப் படியுங்கள். பின்கதவின் மேல்பூச்சை நான்கு அங்குலச் சதுரத்தில் மட்டும், 400-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அடுக்கடுக்காக நிறங்கள் வரும். சில வண்டிகளில் அந்த அடுக்குகளுக்கு நடுவே பழைய உரிமையாளரின் கடைப் பெயரோ, ஊர்ப் பெயரோ, ஓவியர் கையால் எழுதிய எழுத்தின் ஒரு வளைவோ தென்படும். தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். போட்டோ எடுங்கள், அளவு குறியுங்கள். அந்த எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு மேலே எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும், இழந்தது திரும்பி வராது.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட தூரின் சாசனமும் இதைத்தான் வலியுறுத்துகிறது: உற்பத்தியான நாளின் நிலைக்கு மட்டுமல்ல, வண்டி வாழ்ந்த காலத்தில் அதன்மேல் ஏறிய தடங்களுக்கும் மதிப்பு உண்டு. அதே கூட்டமைப்பு, குறைந்தது 30 ஆண்டு பழமையானதாக, வரலாற்றுக்குச் சரியான நிலையில் காக்கப்பட்டதாக, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாக இருக்கும் வண்டியையே பாரம்பரிய வாகனம் என்கிறது. நம் சட்டத்தின் கணக்கு இன்னும் கறாரானது.

சட்டம் போட்ட கோடு

அமெரிக்காவில் ஒரு பழைய பிக்கப்பின் சேஸிஸை வெட்டி, புதிய வி-8 இன்ஜின் வைத்து, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் விதிப்படி பதிவு செய்துவிட முடிகிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வேலை தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் சேர்த்தது: அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அங்கீகரிக்கப்பட்ட கிட் கொண்டு சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற எரிபொருளுக்கு மாறுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அதாவது சேஸிஸ் நீளம், பாடி வகை, இன்ஜின், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை ஆகிய ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எதையும் உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் சுமை உங்கள் தலையில் விழலாம். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி ஆசைகள் அடங்கிவிடும்.

காப்பவர்களுக்குச் சட்டம் ஒரு கதவையும் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ் மோட்டார் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்ய இடம் தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை ஒன்றுதான், ஆனால் அதுதான் எல்லாம்: சேஸிஸிலோ, பாடி ஷெல்லிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. இன்று ஆர்வத்தில் வெட்டுகிற ஒரு குறுக்குச் சட்டம் நாளைக்கு அந்தக் கதவை நிரந்தரமாக மூடிவிடும்.

அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று குறிப்பிட்ட காரணங்களுக்கே சாலைக்கு எடுக்கலாம். அதில் வாழைத்தார் ஏற்றிக் கோயம்பேட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டேஜ் விதி பேசுவது சொந்த உபயோக வண்டியைப் பற்றி, உங்கள் ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று இருக்கலாம். எனவே செலவு தொடங்குமுன் ஆர்.சி.யின் நகலையும் நான்கு பக்கப் போட்டோவையும் எடுத்துக்கொண்டு, டி.என். 12 என்றால் பூந்தமல்லி அலுவலகத்திலும், டி.என். 13 என்றால் அம்பத்தூர் அலுவலகத்திலும் நேரில் கேளுங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் உள்ள வண்டி என்றால் அதன் கோப்பு எங்கே இருக்கிறது, வரி எதுவரை கட்டியிருக்கிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) கடைசியாக எப்போது எடுத்தது என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வரும் நாளில் தெரியவந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

மூன்று வழிகளில் உங்கள் வழி எது?

முதல் வழி, இருக்கிறபடியே காப்பது. கேபின் தகடு உறுதியாக இருக்கிறது, பழைய பெயின்ட் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது, இன்ஜின் எண் பொருந்துகிறது என்றால் இந்த வழிதான் நல்லது. துருவை நிறுத்துங்கள், ஓடும் பாகங்களைச் சரிசெய்யுங்கள், தோற்றத்தைத் தொடாதீர்கள். மூன்று வழிகளில் இதுவே செலவு குறைந்தது. வருங்காலத்தில் அதிக மதிப்பும் இதற்குத்தான். ஆனாலும் நம்மவர்கள் பலரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பதில்லை. பளபளப்பு வந்தால்தான் வேலை நடந்ததாக எண்ணுகிறோம். ஐம்பது வருடம் வெயிலில் நின்று மங்கிய நிறத்தை எந்தப் பட்டறையாலும் செய்து தர முடியாது.

இரண்டாவது, முழுமையாக மீட்பது. தகடு ஓட்டையாகிவிட்டது, பாதி பாகம் இல்லை, முன்பே யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றால் இந்த வழி. பிரித்து, சுத்தம் செய்து, இருந்தபடி திரும்பக் கட்டுவது.

மூன்றாவது, ஓட்டுவதற்காகத் திருத்துவது. வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும், குடும்பத்தை ஏற்றித் திருவள்ளூர் வீரராகவர் கோவிலுக்குப் போய்வர வேண்டும் என்பவர்களுக்கு இது. பாதுகாப்புக்கும் குளிர்ச்சிக்கும் தேவையானதை மட்டும், போல்ட்டில் கழற்றக்கூடியதாகச் செய்வது.

நான்காவது வழி ஒன்று ஊரில் பிரபலம்: சேஸிஸை வெட்டுவது, உயரம் ஏற்றுவது, வேறு வண்டியின் அச்சை மாட்டுவது. இந்தப் புத்தகம் அதைப் பரிந்துரைக்கவில்லை. சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மிச்சமிருக்கும் வண்டிகள் மிகக் குறைவு. புதிய வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்குப் புதிய வண்டிகளின் துணைப்பொருட்களே கடையில் குவிந்திருக்கின்றன. ஒரு ஸ்டாண்டர்ட் 20-ஐ இழந்தால் இன்னொன்றைச் செய்ய அந்த ஆலை இல்லை.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

பிரேக்: இதில் பழமைப் பற்று வேண்டாம். பழைய பிக்கப்களில் பலவற்றில் ஒரே சுற்றில் ஓடும் ஹைட்ராலிக் பிரேக்தான். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பழைய மாஸ்டர் சிலிண்டரின் இடத்திலேயே, இரண்டு சுற்றாகப் பிரிந்த மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். டிரம் அப்படியே இருக்கட்டும். லைனிங், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் அத்தனையையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கழற்றிய பழைய சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்டியரிங்: கிங் பின், புஷ், டை ராடு எண்டு ஆகியவற்றில் தேய்மானம் பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும். பவர் ஸ்டியரிங் கேட்பவர்களில் பலருக்கும் உண்மையில் தேவைப்படுவது புதிய கிங் பின்னும், சரியான காற்றழுத்தமும், ஆலை சொன்ன அளவு டயரும்தான். அகல டயர் போட்ட பிறகே ஸ்டியரிங் கல்லாகிறது.

மின்சாரம்: பழைய வயரிங்கில் துணி சுற்றிய உறை உதிர்ந்துபோயிருக்கும். தீ பிடிக்கும் முதல் இடம் இதுதான். முழு ஹார்னஸையும் புதிதாக, ஃபியூஸ் கூட்டிப் போடுங்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைப்பது திருப்பக்கூடிய மாற்றம். இரவில் ஓட்டுகிறவர்களுக்கு அவசியமும்கூட. ஆனால் சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். சிலவற்றில் 6 வோல்ட். எலக்ட்ரீஷியன் கையில் கொடுக்குமுன் இதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

இருக்கை, உள்பக்கம்: இருக்கைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, உள்ளே புது ஸ்பாஞ்சும் மேலே பழைய மாதிரி ரெக்சினும் போடலாம். சீட் பெல்ட்டுக்குத் துளை போட வேண்டியிருந்தால், அடியில் கனத்த தகடு வைத்து, தெரியாத இடத்தில் போடுங்கள். அது துளைதான், ஆனால் உயிர் காக்கும் துளை.

தகடு: டிங்கரிடம் முதலிலேயே சொல்லுங்கள், "பட்டியில் உருவம் செய்ய வேண்டாம், தகட்டில் செய்யுங்க." துருப்பிடித்த பகுதியை மட்டும் அளவெடுத்து வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி கேபின் முழுக்க நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு விடுகிற இடமெல்லாம் முந்தைய ஆள் பட்டி பூசி மறைத்த இடம்.

மரம்: லோடு பாடியின் பலகை உளுத்திருந்தால் அதே கனம், அதே அகலத்தில் மாற்றுங்கள். அலுமினியத் தகடு அடித்துவிட்டால் அடியில் தண்ணீர் தங்கி, குறுக்குச் சட்டத்தைத் துரு தின்னும்.

இன்ஜின்: பெரிய ஆசை, பெரிய கேள்வி

பெட்ரோல் ஜீப்பிலும் அம்பாசடரிலும் மெட்டடார் டீசல் இன்ஜின் ஏற்றுவது தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கை தேர்ந்த கலையாகவே இருந்தது. டீசல் விலை குறைவு, இழுவை அதிகம் என்ற நியாயம் அன்று இருந்தது. வண்டி பிழைப்புக்காக ஓடியது. செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று அந்த நியாயம் இல்லை. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் டீசலால் மிச்சமாகும் பணம், மாற்றும் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

மாற்றினால் என்னென்ன நடக்கும் என்று பாருங்கள். முன் அச்சில் எடை கூடும், ஸ்பிரிங் பட்டை இறங்கும். இன்ஜின் மவுண்டுக்காகச் சட்டத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். ரேடியேட்டர் இடம் மாறும். பிராபெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். பெட்ரோல் இழுவைக்குக் கணக்கிட்ட கியர் பாக்ஸ் டீசலின் அதிர்வைத் தாங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஆர்.சி.யில் எரிபொருளும் இன்ஜின் எண்ணும் பொருந்தாது. முன்பே டீசல் ஏற்றி, அது ஆர்.சி.யிலும் முறையாகப் பதிவான வண்டி உங்களிடம் வந்திருந்தால் அவசரப்பட்டுப் பழையதைத் தேடி அலைய வேண்டாம். அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான்.

இருக்கிற இன்ஜினைக் கைவிடுமுன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளக்கவும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் பக்கம் கசிகிறது. ரிங், வால்வ் இரண்டுமே பட்டறையில் சரியாகும் வேலைதான். சிலிண்டர் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றலாம். போர் எல்லை தாண்டியிருந்தால் ஸ்லீவ் அடிக்கலாம். கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங் எல்லாம் நம் வட்டாரத்திலேயே நடக்கிறது.

மகிந்திரா ஜீப் வகைகளில் இருந்த 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜினில் இன்டேக் வால்வ் ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வ் பிளாக்கிலும் இருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. ஈயம் இருந்த காலத்தில் அது வால்வ் சீட்டுக்கு ஒரு காப்பாக இருந்தது. எனவே பிளாக் லேத் பட்டறைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் பதிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத, வண்டியின் ஆயுளைக் கூட்டும் மாற்றம் இது.

இந்த வட்டாரத்தின் பலம்

பழைய வண்டி வைத்திருக்க இந்தியாவிலேயே நல்ல இடங்களில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள். 1960-களின் தொடக்கத்தில் பாடி என்ற ஊரில் அடுத்தடுத்து எழுந்தவை வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆலைகள். சக்கரமும், டைனமோவும், செல்ஃப் மோட்டாரும், பிரேக்கும் இங்கேதான் உருவாயின. 1959-ல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை வந்தது. செம்பியத்தில் சிம்சன் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ். ஆவடியில் ராணுவ டாங்கிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. 1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இவற்றுக்கெல்லாம் உதிரி செய்து கொடுத்த சின்னப் பட்டறைகள் வரிசை வரிசையாக வளர்ந்தன. இந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டர்னர், ஃபிட்டர், டூல் மேக்கர்கள் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் வாழ்கிறார்கள். உங்கள் வண்டியின் புஷ்ஷை அளந்து பார்த்து, வரைபடம் இல்லாமலே கடைந்து கொடுக்கிற கை அவர்களுடையது.

ஆகவே 'பாகம் கிடைக்கவில்லை, அதனால் மாற்றினேன்' என்று சொல்லுமுன் மூன்று இடம் தேடுங்கள். முதலில் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தை. உடைந்த பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள்; பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பொருளைக் காட்டிக் கேட்டால் வேலை ஆகும். அடுத்து, தொழிற்பேட்டையின் லேத் பட்டறை. மூன்றாவதாக, இதே வண்டி வைத்திருக்கும் இன்னொருவர். சென்னையின் பாரம்பரிய வாகன ராலிகளுக்குப் போனால் ஆட்கள் அறிமுகமாவார்கள். ஒருவருக்கு மிஞ்சியது இன்னொருவருக்குத் தேவைப்படும்.

மெக்கானிக்கிடம் வேலை ஒப்படைக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். "அண்ணே, பார்த்துப் பண்ணுங்க" என்பது வேலைக் குறிப்பாகாது. ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்: எது கழற்ற வேண்டும், எது கழற்றக் கூடாது, கேட்காமல் எதை வெட்டக் கூடாது. கழற்றிய ஒவ்வொன்றும் பெயர் எழுதி ஒரு பெட்டிக்குள் போக வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். பட்டறையிலிருந்து பழைய பாகம் காயலான் கடைக்குப் போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பெட்டி வண்டியின் ஓர் அங்கம்; என்றாவது வண்டியை விற்றால் பெட்டியும் கூடவே போக வேண்டும்.

மழையும் புதிய பெட்ரோலும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியதையும் நம் பகுதி மறக்காது. ஐப்பசி பிறக்குமுன் வண்டியைத் தாழ்வான இடத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். தண்ணீர் அச்சைத் தொட்டிருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், இன்ஜின் மூன்றிலும் ஆயிலை இறக்கிப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வீல் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, பிரேக் டிரம்மைத் திறந்து உலர்த்திய பிறகே சாலைக்கு எடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் தக்கைக் கேஸ்கெட்டையும் கெடுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நேர்ப்பகை. டேங்கைக் கழுவி, துரு நீக்கி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுங்கள். கார்புரேட்டரில் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கலாம். நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

வேலையின் வரிசை

ஆசை எப்போதும் பெயின்ட்டிலிருந்துதான் தொடங்கும். செலவை அங்கே தொடங்காதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. ஆர்.சி., சேஸிஸ் எண், வரி, இன்சூரன்ஸ். காகிதம் சரியாகும்வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

2. போட்டோ. வண்டியின் ஒவ்வொரு அடியையும், அடிப்பகுதியையும், வயர் போகும் வழியையும் சேர்த்துக் கழற்றுமுன் எடுங்கள்.

3. எந்த வழி என்ற முடிவு. காப்பதா, மீட்பதா, ஓட்டத் திருத்துவதா என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

4. பிரேக், ஸ்டியரிங், டயர்.

5. எரிபொருள் குழாய், வயரிங். தீ அபாயம் இந்த இரண்டிலும்தான்.

6. ரேடியேட்டரும் இன்ஜினும். சி.டி.எச். சாலை நெரிசலில் பழைய வண்டியை முதலில் நிறுத்துவது சூடுதான். செம்பு-பித்தளை ரேடியேட்டரின் கோரை மாற்றிக் கொடுக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

7. துரு, தகடு, மரம்.

8. கடைசியில் பெயின்ட், தேவையானால் மட்டும்.

ஒவ்வொரு படியிலும் கை வைக்குமுன் கேளுங்கள்: இதைத் திருப்ப முடியுமா? ஆர்.சி.யில் எழுதியதோடு இது மோதுமா? எனக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குகிறவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று விடை வந்தால் தைரியமாகச் செய்யுங்கள். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் அந்த வேலையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் வண்டியை இருக்கிறபடியே ஓட்டிப் பாருங்கள். எது உண்மையில் தேவை, எது வெறும் ஆசை என்பது ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கே தெரிந்துவிடும்.